குன்னூரில் ஒரு படகு

கார் ஷெட்டில் கவிழ்த்துக் கிடக்கும் பதினான்கு அடி ஃபைபர் ஸ்பீடு போட்டைப் பார்த்துவிட்டு பால்காரர் கேட்டார்: "ஏன் சார், மலைக்கும் வெள்ளம் வரும்னு சொல்லிட்டாங்களா?"

மேட்டுப்பாளையத்தில் ஒரு பழைய சாமான் கடையின் பின்புறம் கிடந்தது. இன்ஜின் இல்லை, உடம்பு மட்டும்தான். ஃபைபர் அழுகாது, உள்ளே வைத்து மூடியிருக்கும் மரம்தான் அழுகும். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டினேன். நல்ல இடம் 'ணங்' என்றது, கெட்ட இடம் 'தொப்' என்றது. இன்ஜினைத் தாங்கும் பின்பலகை முழுக்கத் 'தொப்'தான். ஒரு திருகாணித் துளை வழியாகப் பல வருஷமாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. உளி வைத்துத் தோண்டினால் வடிகட்டியில் மிஞ்சிய டீத்தூள் போலக் கறுப்பாக, ஈரமாக வந்தது.

ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டில் புதுப் பலகை வெட்டினேன். பழைய ஃபைபரைத் தேய்த்து எடுத்த அன்று இரவு அரிப்பில் தூக்கமே இல்லை. கண்ணாடித் தூள் முழுக்கைச் சட்டைக்குள்ளும் புகுந்துவிடும். முகமூடி இல்லாமல் யாரும் இதைத் தொடாதீர்கள்.

நான் தோற்றது ஃபைபர் இழையைப் பிணைக்கும் ரெசினிடம். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் கட்டுமரங்களின் இடத்தைப் பெரும்பாலும் ஃபைபர் படகுகள் பிடித்துக்கொண்டன. அதனால் கைதேர்ந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். நாகப்பட்டினத்துத் தம்பி ஒருவரிடம் போனில் பக்குவம் கேட்டுக்கொண்டேன். அவர் சொன்ன அளவில் ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் விட்டு, கண்ணாடி இழை மேட் விரித்து, பிரஷ்ஷால் ஒற்றினேன். அவர் ஊரில் அரை மணியில் இறுகியிருக்கும். இங்கே டிசம்பர், ஷெட்டுக்குள் 12 டிகிரி. மூன்று நாள் கழித்தும் பலாப்பால் போல ஒட்டியது. அவசரப்பட்டு அடுத்த கலவையில் கேட்டலிஸ்டைக் கூட்டினேன். அதுவும் உருப்படவில்லை. 100 கிராம் ரெசினுக்கு ஒன்று முதல் இரண்டு கிராம்தான் கணக்கு. சுமார் 15 டிகிரிக்குக் கீழே கேட்டலிஸ்டைக் கூட்டிப் பயனில்லை, சூட்டைத்தான் கூட்ட வேண்டும். எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க ஒரு வாரம் ஆனது. (கேட்டலிஸ்டையும், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் நேராக ஒன்றோடொன்று கலந்துவிடாதீர்கள், வெடிக்கும். முதலில் ரெசினில் கோபால்ட்டைக் கலக்கி, கேட்டலிஸ்டைக் கடைசியில் விட வேண்டும்.)

நான் முப்பது வருஷம் தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தவன். நேரத்தை மட்டும் நம்பாமல் சூட்டையும் பார்க்க வேண்டும் என்பது எனக்கே தோன்றியிருக்க வேண்டும். இலையை வாடப்போட்டால் கடிகாரத்தை மட்டும் நம்ப மாட்டோம். ஒரு பிடி அள்ளி அமுக்குவோம். விட்டதும் விரியாமல் உருண்டையாக நின்றால்தான் அடுத்த வேலை. மழைக்கால இலைக்கு வெங்காற்று கூடுதல் நேரம் வேண்டும். படகுக்கும் அதே முறைக்கு வந்தேன். தார்ப்பாய்க் கூடாரத்துக்குள் தள்ளித் தள்ளி நான்கு குண்டு பல்புகள், வெதுவெதுப்பான தண்ணீரில் ரெசின் டின், பதினொரு மணியிலிருந்து இரண்டு மணி வரை மட்டும் வேலை. பின்பலகை இப்போது எங்கே தட்டினாலும் 'ணங்'.

இன்ஜின் பிறகுதான். பைக்காரா ஏரியில் ஸ்பீடு போட்டில் போனவர்களுக்குத் தெரிந்திருக்காது: 2,000 மீட்டர் உயரத்தில் காற்று மெலிவதால் இன்ஜின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். புரொப்பல்லரைப் பிட்ச் குறைந்ததாக மாற்ற வேண்டும். என் படகு கீழே தங்கை வீட்டுக்கு, கடலூருக்குப் போகிறது. அதற்கு அந்தக் கவலை இல்லை.

உடம்பு வேலையில் இனி ஜெல்கோட் என்னும் வெளிப்பூச்சு மட்டும் பாக்கி. உடம்பில் ஈரம் இருக்கும்போது பூசினால் கொப்புளம் கிளம்பும். அதனால் தினமும் இரவில் ஒரு பிளாஸ்டிக் தாளை அடிப்பாகத்தில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டு, காலையில் பார்க்கிறேன். நேற்றும் அதன் உட்புறம் வியர்த்திருந்தது.