அந்தியேட்டிக்கு முன் காலியாகும் வீடு

லண்டனில், உள்ளூராட்சி நிர்வாகம் வாடகைக்குக் கொடுக்கும் கவுன்சில் வீட்டுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்களுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. புதிதாகக் கட்டப்படும் வீடுகள் கொஞ்சம். ஆகவே நமக்கு ஒரு வீடு வேண்டுமானால், இப்போது அதில் இருப்பவர் அதை விட்டுப் போக வேண்டும். தனியார் வாடகை எட்டாத உயரத்தில் இருக்கும்போது கவுன்சில் வீட்டை யார் லேசில் விடுவார்கள்? சிலர் வேறு கவுன்சில் வீட்டுக்கு மாறுவார்கள், சிலர் முதியோர் இல்லத்துக்குப் போவார்கள். மற்றவர்கள் கடைசிவரை இருப்பார்கள். அவர்கள் கண்ணை மூடிய பிறகுதான் அந்தக் கதவு அடுத்தவருக்குத் திறக்கும்.

எங்களுக்குத் திறந்ததும் அப்படி ஒரு கதவுதான். அதற்கு முன் நானும் கணவரும் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் கிழக்கு லண்டனில் ஓர் அறையில் இருந்தோம். இருந்த வீட்டை விற்கப்போவதாகச் சொல்லிச் சொந்தக்காரர் எங்களை எழுப்பிவிட்டார். கவுன்சில் முதலில் ஒரு ஹோட்டலில் போட்டது. குளியலறையும் சமையலறையும் எல்லோருக்கும் பொது. பிள்ளைகள் உள்ள குடும்பத்தை அப்படியான இடத்தில் 6 வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். பிறகு மூலையில் ஓர் அடுப்பு வைத்த தனி அறைக்கு மாற்றினார்கள். அடுப்பும் குளியலறையும் தனியாக இருந்துவிட்டால், அங்கே எத்தனை காலம் வைத்திருக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் எல்லையே இல்லை. மூத்தவன் கட்டிலில் இருந்து வீட்டுப்பாடம் செய்வான். சின்னவள் தூங்கினால் எல்லோரும் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் இருப்போம். எங்களைப் போலத் தற்காலிக இடங்களில் இருந்தவர்கள் லண்டனில் மட்டும் 1,83,000 பேர் என்று 2024இல் லண்டன் கவுன்சில்களின் கூட்டமைப்பு கணக்குச் சொன்னது. 50 லண்டன்வாசிகளில் ஒருவர்.

வீட்டுக்கு விண்ணப்பிப்பதை இங்கே எல்லோரும் 'பிட் பண்ணுறது' என்பார்கள். வாரா வாரம் காலியாகப்போகும் வீடுகளின் பட்டியல் இணையத்தில் வரும். நெதர்லாந்தில் டெல்ஃப்ட் நகரத்தில் தொடங்கி இங்கே வந்த முறை. எங்கள் தேவைக்குப் பொருந்துவதைத் தெரிவு செய்து அழுத்தினால், வரிசையில் எத்தனையாவது இடம் என்று காட்டும். பெரும்பாலும் பார்க்கவே மனம் வராத எண்ணாக இருக்கும். இங்கிலாந்து முழுவதும் சுமார் 13 லட்சம் குடும்பங்கள் இப்படி வரிசையில் நிற்கின்றன. ஒருநாள் எங்கள் எண் மிகச் சிறியதாக வந்தது. வீட்டைப் பார்க்க வரச் சொல்லித் தொலைபேசி வந்தபோது, இது இறுதி வாய்ப்பு, பொருத்தமான வீட்டை வேண்டாம் என்றால் எங்கள் மீதான கவுன்சிலின் பொறுப்பு முடிந்துவிடும் என்பதையும் அதே மூச்சில் சொன்னார்கள்.

முன்னால் இருந்தவர் ஏன் போனார் என்று அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. வாசலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கதவு நிலைக்குப் பக்கத்தில், சுவரில், எண் பொத்தான்கள் வைத்த சின்னச் சாவிப் பெட்டி. பராமரிக்க வருகிறவர்கள் தாங்களே திறந்து உள்ளே போவதற்காக, எழுந்து வந்து கதவு திறக்க முடியாத வயதானவர்களின் வீடுகளில் வைப்பது. உள்ளே போனால் கதவின் பின்னால் விளம்பரத் தாள்களோடு ஆஸ்பத்திரிக் கடிதம் ஒன்று கிடந்தது. குளியல் தொட்டியின் மேலே வெள்ளைக் கைபிடி ஒன்று, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மஞ்சளாகியிருந்தது. படுக்கையறைச் சுவரில் கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே, தலை சாய்ந்து சாய்ந்து கறுத்த ஒரு வட்டம். கார்பெட்டை உரித்து எடுத்துவிட்டிருந்தார்கள். சுவரோரம் அதைப் பிடித்திருந்த ஆணிப் பட்டைகள் மட்டும் அப்படியே இருந்தன. சின்னவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

அன்றிரவு அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். இரண்டு அறை, பல்கனி இருக்கு, பள்ளிக்கூடம் கிட்ட. அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அந்த மனுசன்ரை முப்பத்தொண்டு முடிஞ்சுதோ பிள்ளை?”

யாழ்ப்பாணத்தில் எங்கள் வழக்கம் அப்படி. ஒருவர் இறந்தால் எட்டுச்செலவு வரும். 31ஆம் நாள் அந்தியேட்டி, அதோடு வீட்டுக்கிருத்தியம். அது முடியும்வரை வீடு இறந்தவருடையது. அவருக்குப் பிடித்ததைப் படைப்பார்கள், விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்வார்கள், அவருடைய உடுப்பைப் பிரித்துக் கொடுக்கும் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

இங்கே சட்டம் வேறு கணக்கில் போகிறது. குடியிருந்தவர் இறந்தவுடனே வாடகை உரிமை முடிந்துவிடுவதில்லை. அது இறந்தவரின் சொத்தோடு சேர்ந்து நிற்கும். கவுன்சில் அதை முறைப்படி முடிக்க வேண்டும். அதற்கு 4 வார அறிவித்தல். அந்தக் கடிதம், இறந்தவரின் பெயரைச் சொல்லி அவருடைய பிரதிநிதிகளுக்கு என்று எழுதி, அவர் கடைசியாக இருந்த விலாசத்துக்கே போகும். உயில் இல்லாவிட்டால் ஒரு பிரதி பப்ளிக் டிரஸ்டி என்கிற அரசு அதிகாரிக்கும் போகும். முதியவருக்கு வாடகை உதவித்தொகை கிடைத்துக்கொண்டிருந்தால் அது இறப்போடு நின்றுவிடும். வாடகை நிற்காது, அவர் விட்டுப்போன சொத்துக் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே பிள்ளைகள் 4 வாரம்கூட எடுக்காமல் அள்ளிக்கட்டிச் சாவியைக் கொடுத்துவிடப் பார்ப்பார்கள். நாலு வாரம் என்றால் 28 நாள். அம்மாவுக்கு இதை விளக்கியபோது, “அப்ப மூண்டு நாள் குறையுது” என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் பதில் இருக்கவில்லை.

இறந்தவரைப் பற்றிய மிச்சத்தைப் பக்கத்து வீட்டு அம்மையார் சொன்னார். வீடு தயாரா என்று பார்க்க அடிக்கடி அந்தப் பக்கம் போவேன், அவர் மேலிருந்து பார்த்துக் கீழே இறங்கி வருவார். முதியவர் ராயல் டொக்ஸ் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கியவர். 1981இல் துறைமுகம் மூடியபோது வேலை போனது. வீடு இருந்தது. மனைவியும் அவரும் கூட்டாகக் கையெழுத்திட்டு எடுத்த வீடு. மனைவி முதலில் போய்விட்டார். அவர் தளர்ந்தபோது மகள், ஐம்பதைத் தாண்டியவள், தன் வாடகை அறையை விட்டுவிட்டு வந்து தகப்பனோடு இருந்து பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கு, மருந்துக்கடைக்கு, குளிக்க வார்க்க எல்லாம் அவள்தான்.

அவர் இறந்த பிறகு வீடு அவளுக்கு இல்லை என்று ஆகிவிட்டது. சட்டப்படி ஒரு கவுன்சில் வீடு குடும்பத்துக்குள் ஒருமுறைதான் கைமாறலாம். கூட்டு வாடகை உரிமையில் ஒருவர் இறந்து மற்றவர் தனியாகத் தொடர்வதையும் ஒரு கைமாற்றமாகவே கணக்கெடுக்கிறார்கள். தாய் இறந்த அன்றே அந்த ஒரு வாய்ப்பும் தீர்ந்துபோனது. அப்போது வீட்டில் யாருக்கும் அது தெரிந்திருக்க நியாயமில்லை. முதலாவது கைமாற்றமாகவே இருந்திருந்தாலும் நிலைமை இறுகியிருக்கிறது. 2012 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கிய வாடகை உரிமை என்றால் கணவன், மனைவி, துணைவர் மட்டும்தான் உரிமையோடு தொடரலாம். பிள்ளைகளின் விஷயம் கவுன்சில் மனம் வைப்பதைப் பொறுத்தது. அதற்கு முந்தையது என்றால் கூடவே குடியிருந்த பிள்ளை தொடரலாம், ஆனால் வீடு தேவைக்குப் பெரிது என்று இறப்புக்கு 6 மாதத்துக்குப் பின், 12 மாதத்துக்குள் சிறிய வீட்டுக்கு மாறச் சொல்லிக் கவுன்சில் நீதிமன்றம் போகலாம்.

அம்மையார் இதைச் சொன்ன நாளில் நான் பஸ் எடுக்காமல் நடந்தே அறைக்குத் திரும்பினேன். வீட்டை எப்போது தருவார்கள் என்று தினமும் காலையில் கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குச் சற்று முன்புதான், இன்னும் ஒரு வாரம் கிடைக்காதா என்று அவளும் கேட்டிருப்பாள். இரண்டு பேரும் நியாயமானதைத்தான் கேட்டோம். எங்கள் மூத்தவனுக்கு மேசை வேண்டியிருந்தது. அவளுக்குத் தகப்பனின் உடுப்பைப் பெட்டியில் கட்ட நேரம் வேண்டியிருந்தது. ஒரே சாவியின் இரண்டு பக்கத்திலும் எங்களை நிறுத்திவைத்தது வீட்டுப் பஞ்சம்.

இந்தப் பஞ்சம் வானத்திலிருந்து விழவில்லை. எங்கள் கட்டடம் 1960களின் கடைசியில் கட்டியது. அந்த ஆண்டுகளில் இங்கிலாந்தின் கவுன்சில்கள் வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வீடு கட்டின. 1980இன் வீட்டுச் சட்டம், குடியிருப்பவர்கள் கவுன்சில் வீட்டைக் கழிவு விலையில் வாங்கலாம் என்றது. அன்றிலிருந்து இங்கிலாந்தில் ஏறக்குறைய 20 லட்சம் வீடுகள் அப்படிப் போயின. வாங்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஆட்களிலும் வாங்கி நிமிர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் விற்ற அளவுக்குத் திருப்பிக் கட்டவில்லையே, அதுதான் பிழை. எங்கள் கட்டடத்திலேயே விற்ற வீடுகளில் சில இன்று தனியார் வாடகையில் ஓடுகின்றன. ஒரே படிக்கட்டு, ஒரே அளவு அறைகள், வாடகை மட்டும் இரண்டு மடங்குக்கு மேல்.

காத்திருப்பு நீண்டது. காலியான வீட்டை அப்படியே அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது என்பது எனக்குப் புரிகிறது. காஸை மூடிச் சோதிக்க வேண்டும், மின்சார வயர்களைப் பார்க்க வேண்டும், பூட்டு மாற்ற வேண்டும். அந்தக் காலத்துக் கட்டடங்களின் கூரைப் பூச்சில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம், அதற்கு ஒரு பரிசோதனை. ஒவ்வொன்றுக்கும் வேறு ஆள், ஒருவர் வந்து போனால்தான் அடுத்தவருக்கு நாள் குறிப்பார்கள். வாடகை உரிமை திங்கட்கிழமைதான் தொடங்கும் என்பதால் ஒரு வெள்ளி தவறினால் ஒரு வாரம் தவறும். ‘அடுத்த வாரம்’ என்பதைக் கேட்டுக் கேட்டுச் சின்னவள் பொம்மைக்கும் அதையே சொல்லத் தொடங்கினாள்.

இதற்கெல்லாம் முன்பே, நாங்கள் வீட்டைப் பார்ப்பதற்கு முன் நடந்த ஒன்றைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. மகள் தகப்பனுக்காகப் புதிதாகப் போட்ட கார்பெட்டையும் நல்ல நிலையில் இருந்த காஸ் அடுப்பையும் வருகிறவர்களுக்கே விட்டுவிடுகிறேன் என்று கேட்டிருக்கிறாள். முடியாது, வீடு வெறுமையாக வர வேண்டும், விட்டுப்போனால் அகற்றும் செலவு கணக்கில் ஏறும் என்று பதில். அடுப்பு கீழே குப்பைத் தொட்டிக்குப் போனது. கார்பெட்டை வேலைக்காரர்கள் உரித்துச் சுருட்டி எறிந்தார்கள். எங்கள் கைக்கு வந்தபோது தரை வெறும் சிமெந்து. முதல் மாதம் பழைய போர்வைகளை விரித்துப் பிள்ளைகளைப் படுக்கப் போட்டோம். அடுப்புக்குக் கடன் வாங்கினோம். அம்மா பால் காய்ச்ச வேண்டும் என்று நின்றதால் ஒரு சின்ன மின்சார அடுப்பை முதல் நாளே கொண்டுபோயிருந்தோம்; அந்தப் பால் பொங்குவதற்கு எடுத்த நேரத்தில் இரண்டு பிள்ளைகளும் வெறும் அறைகளில் ஓடி விளையாடிக் களைத்துவிட்டார்கள்.

இது மாற்ற முடியாத விதி இல்லை. வேல்ஸில் 2023இல் கொண்டுவந்த வீட்டுத் தர விதிகளின்படி, புதிதாகக் குடிவருபவருக்குத் தரை விரிப்போடுதான் வீட்டைக் கொடுக்க வேண்டும். இங்கிலாந்திலும் வாடகைக்கு வீடு கொடுக்கும் சில வீட்டுச் சங்கங்கள், முன்னிருந்தவர் விட்டுப்போகும் நல்ல பொருட்களை, ‘இதை அன்பளிப்பாக ஏற்கிறேன், இனி பொறுப்பு என்னுடையது’ என்று புதியவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிடுகின்றன. ஒரு தாள், ஒரு கையெழுத்து. அதை யாராவது எங்கள் முன்னால் வைத்திருந்தால், அந்த மகளுக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு நன்றியாவது பிறந்திருக்கும். போகிறவர் யார், வருகிறவர் யார் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியாமல் வைத்திருப்பதில் யாருக்கு என்ன பாதுகாப்பு என்று எனக்கு விளங்கவில்லை.

குடிவந்து சில மாதம் கழித்து அவள் வந்தாள். தகப்பன் பெயருக்கு ஏதாவது கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்கத்தான் பக்கத்து வீட்டு அம்மையாரோடு வாசலில் நின்றாள். வந்தவற்றைச் சேர்த்து வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். அம்மா உள்ளேயிருந்து, “வாசலிலை வைச்சுக் கதைக்காதை, உள்ளுக்கு வரச் சொல்லு” என்றார். தேநீர் போட்டோம். தகப்பனைப் பற்றி அவள் அதிகம் பேசவில்லை. குளியலறை ஜன்னல் இன்னும் இறுகுதா என்று கேட்டாள். இறுகுகிறது, திருத்த வரச் சொல்லி அழைத்தும் யாரும் வரவில்லை என்றேன். எழுந்து போய், முதலில் கொஞ்சம் மேலே தூக்கிப் பிறகு தள்ள வேண்டும் என்று செய்து காட்டினாள். தண்ணீரை முழுவதும் நிறுத்தும் வால்வு, கவுன்சில்காரர்கள் சொல்வது போலச் சமையலறைத் தொட்டிக்குக் கீழே இல்லை, குளியல் தொட்டியின் பக்கப் பலகைக்குப் பின்னால் இருக்கிறது. குளிர் தொடங்கும்போது ஹீட்டர்களில் சிக்கிய காற்றை ஒருமுறை திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மேல்பாதி சூடாகாது. அதற்குரிய சின்னச் சாவியை அப்பா மீட்டர் அலுமாரிக்குள், மேலே ஓர் ஆணியில் மாட்டியிருந்தார், ஒருவேளை அவர்கள் கண்ணில் பட்டிருக்காது என்றாள்.

படவில்லைதான். மூத்தவன் கதிரை போட்டு ஏறி அதை எடுத்து வந்தான். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், தண்ணீர் சொட்டினால் பிடிக்கத் துணியை எங்கே வைக்க வேண்டும் என்று அவள் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு அறையிலும் காற்றைத் திறந்துவிட்ட பிறகுதான் அவளைப் பஸ்ஸுக்கு அனுப்பினோம்.