ஏர் எடுத்த ஞாயிற்றுக்கிழமை

ஒரு சின்ன த்ரெட். பழைய கார் பிரேக் பத்தி. மருத்துவமும் வரும், பொறுமையா படிங்க.

அப்பாகிட்ட ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருக்கு. 1961 முதல் நம்ம சென்னையில தயாரான வண்டி. நாலு கதவு மாடல் இந்தியாவுக்காகவே செஞ்சது. பெருங்களத்தூர் தாண்டும்போதெல்லாம் "ஸ்டாண்டர்ட் கம்பெனி இங்கதான் இருந்துச்சு"ன்னு அப்பா கை காட்டாம இருக்க மாட்டார்.

பின் சக்கரம் ரெண்டுலயும் வீல் சிலிண்டர் ஒழுக ஆரம்பிச்சது. வீடு திருமுடிவாக்கம். அப்பா இங்க சிட்கோவுல லேத் பட்டறை வச்சிருந்தவர். "வெளிய குடுக்காத, நாமளே மாட்டிடலாம்"னார்.

முன் சக்கரத்துக்குக் கட்டை, பின்னாடி ஸ்டாண்டு. (வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில போகாதீங்க. அப்படி நசுங்கி வந்தவங்களைப் பார்த்தவன் சொல்றேன்.)

இந்த வண்டியில பின் வீல் சிலிண்டரை அசையாம இறுக்கக் கூடாது. பிஸ்டன் ஒண்ணுதான். அது ஒரு ஷூவைத் தள்ளும். சிலிண்டரே எதிர்ப்பக்கம் நகர்ந்து மறு ஷூவைத் தள்ளும். துருவுல சிக்கினா ஒரு ஷூதான் வேலை செய்யும். அதனால துருவைச் சுரண்டி, வழுக்குதான்னு பார்த்து மாட்டினோம். அப்புறம் அட்ஜஸ்டரை டிரம் பிடிக்கிற வரைக்கும் முடுக்கி, தாராளமா சுத்துற வரைக்கும் தளர்த்தினோம்.

அடுத்தது ஏர் எடுக்கிறது. ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். குழாயில ஒரு குமிழி இருந்தாலும் நம்ம கால் பலம் அதை அமுக்கவே போயிடும். பெடல் பஞ்சு மாதிரி இறங்கும்.

மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான இடது பின் சக்கரத்துல ஆரம்பிச்சோம். நான் கீழே, அப்பா சீட்ல. "அழுத்துங்க"ன்னா மிதிக்கணும், நான் நிப்பிளைத் திறப்பேன். "பிடிங்க"ன்னா காலை எடுக்காம நிக்கணும், நான் மூடுவேன். மூடின பிறகுதான் "விடுங்க". திறந்திருக்கும்போது காலை எடுத்தா மரை வழியா காற்று திரும்ப உள்ள ஏறிடும்.

அப்பா ஒவ்வொரு தடவையும் "பிடிங்க"ன்னதும் காலை எடுத்தார்.

ஒரு பாட்டில் ஆயில் காலி. பெடல் அதே பஞ்சு. ரெண்டாவது மிதியில கொஞ்சம் மேல வந்தது. "அதான் வருதே, போதும்டா"ன்னார். நான் கத்தினேன். "சொன்னா கேக்கவே மாட்டீங்களாப்பா?"

பதில் இல்ல. வெளிய வந்து பார்த்தா மனுஷன் கதவு வழியா எட்டி, என் முகம் எங்கேன்னு தேடிக்கிட்டு இருக்கார்.

அப்பதான் உறைச்சது. அவர் இத்தனை நாளா என் வாயைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்கிட்டிருக்கார். வண்டிக்கு அடியில வாய் தெரியல.

வயசாகி காது மந்தமாகும்போது முதல்ல குறையுறது உச்ச சுருதி. குரல் கேக்கும், சொல் பிரியாது. மெய்யெழுத்துதான் மங்கும். "பிடிங்க", "விடுங்க" ரெண்டும் அவருக்கு ஒண்ணுதான்.

டிவி சத்தம், எதுக்கெடுத்தாலும் ஒரு "ம்", ரெண்டாவது தடவை கேட்டா வர்ற பதில். எல்லாத்துக்கும் நான் பேர் வச்சிருந்தேன்: பிடிவாதம். ரெண்டாவது மிதியில வர்ற பெடலை நம்பக் கூடாதுன்னு தெரிஞ்ச எனக்கு, ரெண்டாவது தடவையில பதில் சொல்ற அப்பாவைப் பார்த்து சந்தேகம் வரல. வேற யாராவது ஓபியில வந்து இதையே சொல்லியிருந்தா அரை நிமிஷத்துல பிடிச்சிருப்பேன்.

என் பொண்ணை ஜன்னல்கிட்ட நிறுத்தினேன். நான் சொல்றதை அவ விரல்ல காட்டினா. கை மூடினா பிடி, விரிச்சா விடு. பத்து நிமிஷத்துல குமிழி நின்னுது. பெடல் முதல் மிதியிலேயே கல்லு மாதிரி நின்னுச்சு. ஹேண்ட் பிரேக்ல கை வச்சுக்கிட்டு, ஆள் இல்லாத சிட்கோ ரோட்ல மெதுவா ஓட்டிப் பார்த்துட்டுதான் திரும்பினோம்.

அந்த வாரமே ஆடியோகிராம். ரெண்டு காதுலயும் குறைவு. வாக்ஸ் இல்ல, வேற கோளாறும் இல்ல, வயசுதான். மெஷின் மாட்டியாச்சு.

உங்க வீட்ல "சொன்னா கேக்கறதே இல்ல"ன்னு யாரையாவது சொல்லிக்கிட்டு இருந்தா, ஒரு தடவை அவங்களுக்குப் பின்னாடி நின்னு, கத்தாம பேசிப் பாருங்க. திரும்பலன்னா திட்டாதீங்க, காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

மெஷின் போட்டதும் அப்பா சொன்ன முதல் வார்த்தை: "வண்டியில டப்பெட் சத்தம் வருதுடா, கவனிக்கலையா?"