அப்பாவின் சேட்டில் உமிச்சாம்பல்

கம்பஸில் மீள்புதுப்பிக்கத்தக்க சக்தி பற்றி ஒரு பிரசென்டேசன் செய்யச் சொன்னார்கள். எல்லாரும் சோலார், காற்றாலை எண்டு எடுக்க, நான் உமியை எடுத்தேன். பெரிய காரணம் ஒண்டுமில்லை. அப்பா கிளிநொச்சியில ஒரு அரிசி மில்லில பொயிலருக்கு உமி போடுறவர்.

100 கிலோ நெல்லில் ஏறக்குறைய 20 கிலோ உமி. புழுங்கல் அரிசிக்கு நெல்லை அவிக்க வேணும், பிறகு காயவைக்க வேணும். அதற்கான வெப்பத்தை நெல்லிலிருந்து கழிந்த உமியே குடுத்துவிடும். 3 கிலோ உமி எரிந்தால், கிட்டத்தட்ட 1 கிலோ உலை எண்ணெயின் வெப்பம். 2022இல் ஊரே டீசலுக்கு வரிசையில நிண்டபோதும் அப்பாவின் அடுப்புக்கு எரிபொருள் தட்டுப்படவில்லை. (நெல் குத்துற மோட்டருக்குக் கரண்ட் இல்லாமல் மில் நிண்டது வேற கதை.) உமி எரியேக்க வாற காபனீரொட்சைட்டு, அந்தப் போகத்தில பயிர் காற்றிலிருந்து எடுத்ததுதான் எண்டு ஸ்லைடில எழுதினேன். கைதட்டினார்கள்.

வீட்ட வந்து அப்பாவுக்குக் காட்டினேன்.

"எல்லாம் சரி பிள்ளை. சாம்பலைக் காணேல்லயே?"

அதை விட்டுப்போட்டன். 20 கிலோ உமி எரிந்தால் 4 கிலோ அளவில் சாம்பல் மிஞ்சும், பெரும்பகுதி சிலிக்கா. லேசானது, புகையோடயே பறக்கும். மில்லுக்குப் பக்கத்து ஆக்கள் கொடியில வெள்ளை உடுப்புக் காயப்போடமாட்டினம். அப்பாவின் சேட்டை அம்மா மூண்டு தண்ணியில அலசுவா. இரவில அவர் இருமுறதைச் சின்ன வயசிலிருந்து கேக்கிறன். சுருட்டால எண்டுதான் நினைச்சிருந்தன். அவர் சுருட்டை விட்டு ஆறு வருசமாகுது.

புகைபோக்கிக்கு முதல் ஒரு சைக்லோன், அதாவது புகையைச் சுழலவிட்டுச் சாம்பலைக் கீழே விழுத்துற கூம்பு பூட்டினால், பெரிய துகள்களைப் பிடிக்கலாம். நுண்தூசுக்குத் துணிப்பை வடிகட்டி இருக்கு. இதெல்லாம் புதுசில்லை. அப்பாவின் மில்லில இரண்டுமில்லை. கேட்டால் "இந்தப் போகம் முடியட்டும்" என்பார்களாம். உமி சும்மா வருது, சைக்லோனுக்குக் காசு வேணும்.

அதுக்காக எண்ணெய்க்கு மாறுங்கோ எண்டு நான் சொல்லமாட்டன். உமிதான் சரி. ஆனால் அந்த ஸ்லைடில "சுத்தமான" எண்ட சொல்லை அழிச்சிட்டன்.

அப்பாவுக்கு நல்ல முகமூடி ஒண்டு வாங்கிக் குடுத்தன். ரெண்டு நாள் போட்டார். வேர்வையில நனைஞ்சு மூச்சு முட்டுதாம்.

"அடுப்புக்கு முன்னால நிண்டு நீ ஒருக்காப் போட்டுப் பார் பிள்ளை."

போய்ப் போட்டுப் பார்த்தன். பத்து நிமிசம் நிக்க ஏலேல்ல.