ஜெர்மன்காரங்க பயறுத்தழை, நம்ம ஓமவல்லி, அப்புறம் இந்த ‘கேஸ்’

கொஞ்சம் நீளமான த்ரெட் இது மக்களே. சமையல்கட்டில் ஆரம்பித்து காஷுவாலிட்டியில் போய் நிற்கும். பொறுமையா வாசிங்க.

ஜெர்மன்காரர்கள் சமையலில் ஒரு தழை உண்டு. பெயர் போனன்கிரவுட். போனன் என்றால் பீன்ஸ் வகையறா. கிரவுட் என்றால் தழை. நம்ம பாஷையில் சொன்னால் பயறுத்தழை. ஆங்கிலத்தில் சேவரி என்பார்கள். பீன்ஸோ காய்ந்த பயறோ வேகும்போது சட்டியில் இதில் ஒரு கொத்து விழும். ஏன் என்று கேட்டால் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று வாசம். இன்னொன்று, "வாயு பிடிக்காது".

இரண்டாவது காரணத்தைக் கேட்டதும் உங்களுக்கு உங்க வீட்டு ஆச்சி ஞாபகம் வந்திருக்கணுமே?

எங்க வார்டில் வேலை பார்த்த ஒரு சிஸ்டர் இப்போது ஜெர்மனியில் இருக்கிறார். நம்ம பக்கத்து நர்ஸ்கள் ஜெர்மன் படித்துவிட்டு அங்கே போவது இப்போ சாதாரணமாகிவிட்டது. போன குளிர்காலத்தில் ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினார். ஆஸ்பத்திரி கேன்டீனில் பச்சை பீன்ஸும் உருளைக்கிழங்கும் போட்ட சூப்பாம். "ஸ்பூன் வாய்க்கு வர்றதுக்குள்ள மூக்கு கண்டுபிடிச்சிருச்சு டாக்டர். நம்ம ஓமவல்லி வாசம். பிள்ளைக்குச் சளி புடிச்ச வீட்டு வாசம்."

அவர் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. சேவரி இலையில் இருக்கிற எண்ணெயில் முக்கியமான சரக்கு கார்வக்ரால். ஓமவல்லியிலும் கார்வக்ரால், தைமால் இரண்டும் உண்டு. ஓமத்தில் தைமால் தூக்கலாக இருக்கும். சேவரியும் ஓமவல்லியும் ஒரே குடும்பம். துளசி, புதினா, தும்பை எல்லாம் இவங்க சொந்தக்காரங்கதான். ஓமம் மட்டும் வேறு வீடு, மல்லி சீரகம் குடும்பம். ஆனால் மூக்குக்குக் குடும்ப அட்டை எல்லாம் தேவையில்லை.

(கற்பூரவல்லி என்றும் இதற்குப் பெயர். எங்க ஊர்ல அந்தப் பேரைச் சொன்னா பாதிப் பேர் வாழைப்பழம்னு நினைச்சுக்கிறாங்க. அதனால் இந்த த்ரெட் முழுக்க ஓமவல்லி.)

பல்கேரியாவில் இதே சேவரியைக் காயவைத்து உப்பு, மிளகாய்த்தூள், வெந்தயத்தோடு கலந்து ரொட்டிக்குத் தொட்டுக்கொள்கிறார்கள். கிட்டத்தட்ட நம்ம இட்லிப்பொடி. நாம என்ன செய்கிறோம்? கடலைமாவு எடுத்தாலே கை ஓமத்துக்குப் போகிறது. ஓமப்பொடி, முறுக்கு, பஜ்ஜி. கடலைமாவும் பயறுதான். அவங்க பீன்ஸுக்கு சேவரி போட்டாங்க, நாம கடலைக்கு ஓமம் போட்டோம். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் செய்ததில்லை. ஒரே வயிறு, ஒரே பிரச்சினை.

அந்தப் பிரச்சினை என்னன்னு பார்த்திடலாம்.

பயறு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சில சர்க்கரைகள் இருக்கின்றன. இதை உடைக்கிற நொதி நம்ம சிறுகுடலில் கிடையாது. அதனால் அப்படியே பெருங்குடலுக்குப் போய்விடும். அங்கே உட்கார்ந்திருக்கிற பாக்டீரியாக்களுக்கு அது விருந்து. அவங்க சாப்பிட்டு முடிக்கும்போது வருவது ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேன். இதுதான் உண்மையான கேஸ். வயிறு உப்பும், இரைச்சல் கேட்கும், பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிப்பார். இதனால் யாரும் செத்ததில்லை.

இதைக் குறைக்க நிஜமாகவே வேலை செய்கிற வழி தண்ணீர்தான். ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணியைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணியில் வேகவைத்தால் அந்தச் சர்க்கரைகளில் ஒரு பங்கு போய்விடும். முளைகட்டினால் இன்னும் நல்லது. இலை என்ன செய்கிறது? குடலின் தசை இறுக்கத்தை இந்த எண்ணெய்கள் தளர்த்துவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். அது லேசான உதவி. என்னைக் கேட்டால் இலையை வாசத்துக்காகவே போடலாம். வாசமே போதுமான காரணம்.

இப்போ வளர்ப்பு. சேவரியை இங்கே வளர்க்கலாமா என்று கேட்பீர்கள். அது மத்தியதரைக்கடல் பக்கத்துச் செடி, ஒரு பருவத்தில் வாழ்ந்து முடிகிற சின்னச் செடி. நம்ம சித்திரை வெயிலில் நிற்காது. ஆசைப்பட்டால் கார்த்திகைக்கு மேல் தொட்டியில் போட்டுப் பார்க்கலாம். எனக்கு அவசியமாகப் படவில்லை. ஓமவல்லி இருக்கே.

ஓமவல்லிக்கு விதை வேண்டாம். இரண்டு கணு உள்ள தண்டை ஒடித்து, கீழ்க்கணு மண்ணுக்குள் இருக்கிற மாதிரி ஊன்றினால் வேர் பிடித்துவிடும். ஆனால் நம்ம மண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கரிசல் தண்ணியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மழை நின்ற பிறகும் உளுந்தும் பாசிப்பயறும் மல்லியும் அந்த ஈரத்திலும் பனியிலும் விளைந்து வருகிறது என்றால் அது கரிசலின் புண்ணியம். மானாவாரிக்காகவே ஒரு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் கோவில்பட்டியில் நூறு வருஷம் தாண்டி நடக்கிறது என்றால் சும்மாவா. ஆனால் அதே கரிசலைத் தொட்டியில் நிரப்பி ஓமவல்லி வைத்தால், ஐப்பசி மழையில் ஈரம் வடியாமல் வேர் அழுகிவிடும். கோடையில் மண் சுருங்கி, தொட்டிக்கும் மண்ணுக்கும் நடுவில் விரல் போகும். அதனால் செம்மண், மணல், மக்கின சாணம் கலந்து, அடியில் ஓட்டை உள்ள தொட்டி. காலை வெயில் போதும். இலையே சதைப்பற்று, தண்ணியைச் சேமித்துவைத்திருக்கும். குழாயில் தாமிரபரணித் தண்ணி முறை வைத்து வருகிற ஊருக்கு ஏற்ற செடி. நிழலிலேயே வைத்தால் இலை பெரிசா, மெத்துமெத்துன்னு வரும். வாசம் கம்மியா இருக்கும். கொஞ்சம் காய்ந்தால்தான் மணம்.

சமைக்கிறது இப்படி. ஒரு டம்ளர் தட்டைப்பயறு. வெறும் சட்டியில் லேசா வறுத்து, ராத்திரி ஊறவைத்து, தண்ணியைக் கொட்டிடுங்க. புதுத் தண்ணியில் குழையாமல் வேகவைங்க. நல்லெண்ணெயில் கடுகு, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பூண்டு ஏழெட்டுப் பல், தக்காளி, வீட்டு மசாலாப்பொடி, கொஞ்சமாப் புளி. வழக்கமான குழம்புதான். வித்தியாசம் கடைசியில். அடுப்பை அணைக்கிறதுக்கு இரண்டு நிமிஷம் முன்னாடி ஓமவல்லி இலை நாலைந்தைக் கையால் கிள்ளிப் போட்டு மூடிடுங்க. கத்தி வேண்டாம், ரொம்ப நேரம் கொதிக்கவும் வேண்டாம், வாசம் ஆவியாப் போயிரும். பத்து இலை போட்டா குழம்பு கஷாயமாகிடும், அதுவும் வேண்டாம். மொச்சைக்கும் இதே முறை. காணத் துவையலில் இரண்டு இலையை வதக்கிச் சேர்த்து அரைத்தால் கம்பங்கஞ்சிக்கு வேறெதுவும் தேவையில்லை.

டாக்டரா ஒரு வரி. இந்த மாதிரி அழுத்தமான வாசம் இருக்கிற சாப்பாட்டில் உப்பைக் குறைத்தாலும் நாக்கு அவ்வளவாகச் சண்டை போடாது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைவு. ஊறுகாய், கருவாடு, அப்பளம் எல்லாம் சேர்த்துத்தான்.

கைக்குழந்தைக்கு ஓமவல்லிச் சாறு கொடுக்கிற பழக்கம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும். சாறும் வேண்டாம், ஓமத்தண்ணியும் வேண்டாம். ஒரு வயசுக்குள் தேன் கூடவே கூடாது. சளி பிடித்த குழந்தையின் சட்டையைத் தூக்கி, ஒரு நிமிஷம் முழுசா மூச்சை எண்ணுங்க. 2 மாதத்துக்குக் கீழே 60, 2 மாதத்தில் இருந்து ஒரு வயசு வரை 50, ஒன்றில் இருந்து ஐந்து வயசு வரை 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, இலை தேடாதீங்க. கூட்டிட்டு வாங்க.

இனி அந்த இன்னொரு கேஸ்.

தை மாசம். உளுந்து அடிப்பு நேரம். ஐம்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க மானாவாரி விவசாயி, பத்து வருஷச் சர்க்கரை நோயாளி. பக்கத்துக் கிராமத்தில் இருந்து காலை 11 மணிக்கு காஷுவாலிட்டிக்கு வந்தார், மகன் பைக்கில் உட்கார்ந்து. சட்டை நனைந்திருந்தது. "ஒண்ணுமில்ல டாக்டர், வாயுதான். ராத்திரி மொச்சை சாப்பிட்டேன். ஒரு ஊசி போட்டா சரியாயிரும்."

வலி ஆரம்பித்தது அதிகாலை 4 மணிக்கு. மேல்வயிற்றில் யாரோ கல்லை வைத்த மாதிரி. கூடவே வாந்தி. வீட்டம்மா ஓமத்தைக் கொதிக்கவைத்து, அதில் ஓமவல்லி இலையைக் கசக்கிப் பிழிந்து கொடுத்திருக்கிறார். இரண்டு ஏப்பம் வந்திருக்கிறது. கொஞ்சம் தேவலை என்று களத்துக்குக் கிளம்பிவிட்டார். 7 மணிக்கு மறுபடியும். இந்த முறை சோடா. 9 மணிக்கு மெடிக்கலில் வாங்கின கேஸ் மாத்திரை. நான் குனிந்து ஸ்டெத் வைக்கும்போது ஓம வாசம் அடித்தது.

ஈசிஜி எடுத்தோம். இதயத்தின் அடிப்பக்கச் சுவரில் மாரடைப்பு.

இந்த அடிப்பக்கச் சுவர் மாரடைப்பைப் பற்றித் தனியாகச் சொல்லணும். இதயத்தின் அந்தப் பகுதி உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதனால் வலி நெஞ்சில் வராமல் மேல்வயிற்றில் வரலாம். குமட்டும், வாந்தி வரும், ஏப்பம் வரும். அசல் கேஸ் மாதிரியே வேஷம் போடும். சர்க்கரை நோயாளிகளுக்கு நரம்பு மரத்துப்போய் வலியே தெரியாமல் வெறும் வியர்வையும் அசதியுமாக வரலாம். பெண்களுக்கும் சினிமாவில் காட்டுகிற மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை பல நேரம்.

ஏப்பம் விட்டதும் வலி குறைந்தது, அதனால் இது இதயம் இல்லை என்று தயவுசெய்து கணக்குப் போடாதீங்க. மாரடைப்பு வலியும் ஏறி இறங்கும். இறங்குகிற நேரத்தில் நீங்க என்ன குடித்திருந்தாலும் பேர் அதுக்குப் போகும். ஓமத்துக்கு, சோடாவுக்கு, பச்சை கலர் மருந்துக்கு. நாங்களே அதை வைத்து முடிவு செய்வதில்லை, ஈசிஜி பார்க்கிறோம். ஒரு தடவை நார்மலாக இருந்தாலும் சந்தேகம் இருந்தால் திரும்ப எடுக்கிறோம், ரத்தப் பரிசோதனை செய்கிறோம்.

தாடையில் இருந்து தொப்புள் வரை எங்கே புதுசா பாரமோ அழுத்தமோ வந்து, கூட வியர்வையோ மூச்சுத் திணறலோ வாந்தியோ இருந்தாலும், இடது கைக்கோ முதுகுக்கோ பரவினாலும், 108. பைக்கில் வேண்டாம், நடந்து வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் ஈசிஜிக்குக் காசு கிடையாது. 2023-ல் இருந்து ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் முதல் டோஸ் கொடுத்து அனுப்புகிறார்கள். கிராமத்தில் இருக்கிறவங்க கோவில்பட்டி வரைக்கும் யோசிக்க வேண்டாம், பக்கத்தில் எது இருக்கோ அங்கே போங்க.

அவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்து கொடுத்து, ஒரு அளவுக்கு நிலையானதும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைத்துவிட்டார். அந்த மருந்து முதல் ஓரிரு மணி நேரத்தில் செய்கிற வேலையை ஏழு மணி நேரம் கழித்துச் செய்யாது. அதற்குள் தசை செத்திருக்கும். செத்த தசை திரும்பி வராது. பம்பிங் குறைந்துவிட்டது. உளுந்து மூட்டை தூக்கின மனுஷன் இப்போ மாடி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறார்.

அன்னைக்கு ஆம்புலன்ஸ் கிளம்புவதற்கு முன்னால் வீட்டம்மா என் பின்னாடியே வந்தார். "நான் குடுத்த ஓமத்தண்ணிதான் இப்படி ஆக்கிருச்சா டாக்டர்?"

"இல்லம்மா. அது ஒண்ணும் பண்ணல. ரத்தக்குழாய் அடைச்சது, அவ்வளவுதான். அடுத்த தடவை யாருக்கு இந்த மாதிரி வந்தாலும் அடுப்பைப் பத்தவைக்காம வண்டியைக் கூப்பிடுங்க." சொன்னேன். அவங்க நம்பினாங்களான்னு அப்போ தெரியல.

இரண்டு மாதம் கழித்து மாத்திரை வாங்க அவரே வந்தார், மனைவியோடு. பிரஷர் பார்த்தேன், கால் வீக்கம் பார்த்தேன், பீடியை விட்டாச்சா என்று கேட்டேன். அந்தம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வாசல்ல நின்ன ஓமவல்லியை வேரோட புடுங்கிப் போட்டுட்டேன் டாக்டர். பாக்கவே புடிக்கல."

குவார்ட்டர்ஸ் மதில் ஓரம் என் தொட்டி நிற்கிறது. ஓபி முடிந்து போகும்போது கூட்டிப்போய் ஒரு தண்டு ஒடித்துக் கொடுத்தேன், ரெண்டு கணு இருக்கிறதா பார்த்து. "மொச்சையில போடுங்க. உப்பு கம்மியா." ஈரப்பஞ்சில் சுற்றி மாத்திரைப் பையோடு வைத்துக்கொண்டார். 12 மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் முன்னால் நடக்க ஆரம்பித்தார், மெதுவாகத்தான்.