டிஎக்ஸ்டிலே 45

தொண்ணூறுகளின் பிற்பாதியில் சென்னையில் பாக்கெட் ரேடியோ, அதாவது கணினிச் செய்தியைப் பாக்கெட் பாக்கெட்டாக வயர்லெஸில் அனுப்பும் முறை, ஓட்டிய நண்பர்கள் சிலரின் முகம் மறந்துவிட்டது, எண் மறக்கவில்லை. ஒருவருக்கு 25. இன்னொருவருக்கு 30. நங்கநல்லூர் ஓஎம்முக்கு (‘ஓல்ட் மேன்’, எங்கள் வட்டாரத்தில் அன்பான அழைப்பு) மட்டும் 45.

கணினிக்கும் வயர்லெஸ் செட்டுக்கும் நடுவே டிஎன்சி என்றொரு தகரப் பெட்டி உட்கார்ந்திருக்கும். அமெரிக்காவின் டூசான் நகரத்து ஹாம்கள், அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்கள், 1982-இல் தொடங்கிய டாப்பர் அமைப்பு, 1985-இல் டிஎன்சி-2 என்ற வடிவமைப்பைக் கொண்டுவந்தது. உள்ளே இசட்80 சில்லு. அதன் நகல்கள் உலகம் முழுக்க ஓடின. எங்களிடம் இருந்ததும் ஒரு நகல்தான். நாம் தட்டும் எழுத்தை 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என்று இரண்டு ஒலிகளாக்கி மைக் வழியே செட்டுக்குள் அனுப்பும். வேகம் விநாடிக்கு 1200 பிட். ஒரு பக்கக் கடிதம் போய்ச் சேர்வதற்குள் காபி ஆறிவிடும்.

பெட்டியை முதன்முதலில் முடுக்கினால் திரையில் கண்டபடி குறிகள் கொட்டும். அது ஏழு பிட், இரட்டைப் பாரிட்டி என்று பேசும். நம் டெர்மினல் நிரல் எட்டு பிட்டில் காத்திருக்கும். அதைச் சரிக்கட்டி, ‘மைகால்’ என்று தட்டி நம் அழைப்புக்குறியைக் கொடுத்தால் பெட்டி நம்முடையதாகும். உள்ளே ஒரு லித்தியம் பேட்டரி அதை நினைவில் வைத்திருக்கும். பேட்டரி செத்துவிட்டால் மறுநாள் காலையில் அது ‘நோகால்’ என்று பெயரில்லாமல் எழுந்து நிற்கும்.

இதெல்லாம் கையேட்டிலேயே இருந்தது. ஆள் துணை தேவைப்பட்டது ஒலி அளவுக்கும் டிஎக்ஸ்டிலேக்கும்தான். ‘கேலிப்ரேட்’ கட்டளை கொடுத்தால் பெட்டி ஒரே ஒலியை இழுத்துக்கொண்டே இருக்கும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மற்ற ஒலிக்கு மாறும். நான் சின்ன ஸ்க்ரூடிரைவரால் உள்ளே இருக்கும் பிரீசெட்டைத் திருப்புவேன். ஓஎம் தன் வீட்டில் செட்டைக் கேட்டபடி போனில் சொல்வார்: “கத்துதுப்பா, குறை... இன்னும்... அவ்வளவுதான், கையை எடு.” அலைவிலகலை அளக்கும் கருவி எங்களிடம் கிடையாது. அவர் காது இருந்தது.

டிஎக்ஸ்டிலே என்பது செட்டை அனுப்பும் நிலைக்கு மாற்றியபின் செய்தியைத் தொடங்கும்முன் பெட்டி காத்திருக்கும் நேரம். ஒரு எண்ணுக்குப் பத்து மில்லிவிநாடி. குறைத்து வைத்தால், செட் முழுதாக விழிப்பதற்குள் செய்தியின் தலை வெட்டுப்படும். ஒரு பிட் பிசகினாலும் எதிர்ப்பக்கம் முழுப் பாக்கெட்டையும் தள்ளிவிடும், பதில் வராது, மறுபடி அனுப்பும், மறுபடியும் அனுப்பும், முயற்சி எண்ணிக்கை தீர்ந்ததும் இணைப்பு அறுந்துபோகும். கூட்டி வைத்தால் அலைவரிசையில் இருக்கும் எல்லாருடைய நேரமும் வீண்.

ஓஎம்முடையது எங்கோ கழித்துப்போட்ட பழைய விஎச்எஃப் செட். ஹாம்களின் இரண்டு மீட்டர் அலைவரிசைக்கு அவரே மாற்றியது. ஆன்டெனாவை மாற்றிவிடும் ரிலே ‘டொக்’கென்று விழுந்து அடங்கக் கால் விநாடிக்கு மேல் ஆகும். அதனால்தான் 45. அவர் அனுப்பி முடித்ததும் அந்த ரிலே திரும்பி விழ வேண்டுமே, அதற்காக என் பெட்டியிலும் என் எண்ணை 25-இலிருந்து 40-க்கு ஏற்றி வைத்திருந்தேன். புது செட் வாங்கச் சொன்னால், “ஓடுறதை ஏன்ப்பா மாத்தணும்?” என்பார். எங்கள் அலைவரிசை முழுவதும் அவருடைய ரிலேக்காகக் காத்திருந்தது. யாரும் முணுமுணுத்ததாக நினைவில்லை.

இன்று பெட்டியே வேண்டாம். டைர்வுல்ஃப் என்ற இலவச நிரல் போதும், கணினியின் சவுண்ட் கார்டே மோடம் ஆகிவிடும். பழைய பெட்டி கைவிட்ட மங்கலான பாக்கெட்டையும் அது பிடித்துத் தருகிறது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. டிஎக்ஸ்டிலே அதிலும் உண்டு, 30 என்று முன்பே போட்டிருக்கும். தொடுவார் குறைவு. இன்று காதில் விழுகிற பாக்கெட்டில் பெரும்பகுதி ஏபிஆர்எஸ் என்ற இருப்பிட அறிவிப்பு முறை. பாப் புருனிங்கா என்ற ஹாம் உருவாக்கியது. ‘இங்கே இருக்கிறேன்’ என்று பொதுவாக அறிவித்துவிட்டு நகர்ந்துவிடும், யாருடைய பதிலுக்கும் நிற்காது. ஓஎம் அதை ஒருமுறை பார்த்துவிட்டு, “இது போஸ்டர் ஒட்டுற வேலைப்பா, கடுதாசி போடுற வேலை இல்ல” என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வெள்ளத்திலும் புயலிலும் நம் ஆள் எந்த இடத்தில் நிற்கிறார் என்று தெரிந்துகொள்ள போஸ்டர்தான் வேண்டும் என்று வாதாடினேன். அன்று ராத்திரி அதையே நாலு பாக்கெட்டாக எழுதி அனுப்பினார், மறுப்போடு.