கொட்டாங்கச்சி விளக்கும் சாவா மூவாப் பேராடும்

எங்கள் கூரத்துக்கு ஒரு பெருமை உண்டு. 7ஆம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்ம பல்லவன் இங்குள்ள சிவன் கோயிலுக்குக் கொடை கொடுத்ததைச் சொல்லும் செப்பேடு கிடைத்த ஊர் இது. கூரம் செப்பேடு என்றே வரலாற்றுப் புத்தகங்களில் அதற்குப் பெயர். கொடை எதற்கெல்லாம் என்ற பட்டியலில் பூ, தூபம், மண்டபத்தில் பாரதம் வாசிப்பது இவற்றோடு விளக்கும் இருக்கிறது.

பின்னால் வந்த சோழர் காலத்தில் இந்த விளக்குக் கணக்கு இன்னும் துல்லியமாகிவிட்டது. கோயிலில் ஒரு நந்தா விளக்கு வைக்க வேண்டுமென்றால் 96 ஆடு கொடுப்பார்கள். சில கல்வெட்டுகளில் 90. ஆடுகளை வாங்கிக்கொண்டவர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். செத்ததற்கும் கிழடானதற்கும் ஈடாகக் குட்டிகள் வந்துகொண்டே இருக்கும், மந்தை குறையாது. அதனால் அவற்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர்.

இதில் நான் கவனித்த விஷயம் ஒன்றுதான். விளக்கின் விலை அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை. அதற்குத் தீனி போடுவது யார், எத்தனை காலம் என்பதற்குத்தான் 96 ஆடு. எல்.இ.டி. விளக்கு செய்யப் போகிறவர்களுக்கும் இதைவிட நல்ல யோசனை நான் எங்கும் கேட்டதில்லை.

போன வருஷம் என் மனைவிக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. பார்வை நன்றாகத் திரும்பிவிட்டது. ஆனால் ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து வெள்ளை பல்பைப் போட்டால், “என்னங்க, இது ஊசி மாதிரி குத்துதுங்க” என்பார். போடாவிட்டால் இருட்டில் வாசற்படி தடுக்கும். எங்கள் வயதில் ஒரு முறை விழுந்தால் இடுப்பெலும்பு என்னாகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குத்துவதற்குக் காரணம் இருக்கிறது. வயதாக ஆக நம் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகி, நீல ஒளியைக் கொஞ்சம் தடுத்துக்கொண்டே வரும். அதை எடுத்துவிட்டுத் தெளிவான லென்ஸ் வைத்ததும் நீலம் தாராளமாக உள்ளே போகிறது. வெள்ளை எல்.இ.டி. என்பது அடிப்படையில் நீல எல்.இ.டி.தான். மேலே மஞ்சள் பூச்சு பூசி வெள்ளையாக்குகிறார்கள். அந்த நீலத்தைக் கண்டுபிடித்ததற்காகத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா என்ற மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசு நியாயமானதுதான். ஆனால் நடுராத்திரி 2 மணிக்கு அந்த நீலம் தூக்கத்தையும் கெடுக்கும்.

ஆகவே ஒரு விளக்கு செய்யலாம் என்று உட்கார்ந்தேன். பள்ளியில் இயற்பியல் நடத்தியவனுக்கு ஓய்வுக்காலத்தில் இதைவிட நல்ல வேலை ஏது? பெரிய கொட்டாங்கச்சி ஒன்றை எடுத்து, நாரைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பேரன் வரைந்து கொடுத்த மயில் தோகைப் புள்ளிகளில் துளை போட்டேன். உள்ளே வெளிச்சம் வைத்தால் சுவரெல்லாம் தோகை விரியும். நவராத்திரிக்குக் கொலுப் பக்கத்திலும் வைக்கலாம், மற்ற நாளில் நடையிலும் வைக்கலாம்.

உள்ளே என்ன வைப்பது? திருவிழாக்களில் தொங்கும் சீரியல் செட் இருக்கிறதே என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மலிவுதான். ஆனால் அவற்றில் பல 230 வோல்ட்டை நேராக வாங்குபவை. இடையில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. மெல்லிய ஒயரின் தோல் உரிந்த இடத்தில் கை பட்டால் வீட்டு மின்சாரமே கையில். பேரன் தொடப்போகும் விளக்கு, தூக்கக் கலக்கத்தில் மனைவி நகர்த்தப்போகும் விளக்கு. அதனுள் 12 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

எல்.இ.டி.யின் விலை இன்று ஒரு பிரச்சினையே இல்லை. 2014 தொடக்கத்தில் அரசு மொத்தமாக வாங்கிய எல்.இ.டி. பல்பு ஒன்று 310 ரூபாய். 2015 ஜனவரியில் உஜாலா திட்டம் வந்து, கோடிக்கணக்கில் வாங்க ஆரம்பித்ததும் 2016இல் அதே கொள்முதல் விலை 38 ரூபாய்க்கு வந்துவிட்டது. நான் வாங்கிய 5 மில்லிமீட்டர் குட்டி எல்.இ.டி., சென்னை ரிச்சி தெருவில் ஒன்று 2 ரூபாய்தான். ஆனால் மலிவில் எதைப் பார்த்து எடுப்பது என்பதில்தான் சூட்சுமம்.

முதலில் நிறம். ‘வார்ம் ஒயிட்’ என்று கேளுங்கள். 2700 முதல் 3000 கெல்வின். பழைய குண்டு பல்பின் நிறம். 6500 என்று போட்டிருந்தால் அது பகல் வெள்ளை, ஆஸ்பத்திரி வராந்தாவுக்குச் சரி.

இரண்டாவது, எல்லாவற்றையும் ஒரே பாக்கெட்டில் இருந்து வாங்குங்கள். வேறு வேறு பாக்கெட் என்றால் ஒன்று பொன் போலவும் இன்னொன்று பித்தளை போலவும் எரியும். தேவைக்கு மேல் நாலைந்து சேர்த்து வாங்கி வையுங்கள்.

மூன்றாவது, கடையிலேயே சோதியுங்கள். கடிகாரக் கடையில் கிடைக்கும் வட்டமான 3 வோல்ட் பேட்டரி ஒன்றைச் சட்டைப் பையில் கொண்டு போங்கள். நீளக் கால் பாசிட்டிவ். இரண்டு கால்களுக்கு நடுவே பேட்டரியைச் செருகினால் எரிய வேண்டும். மினுக்கினாலோ மங்கினாலோ தள்ளிவிடுங்கள்.

நான்காவதுதான் முக்கியம்: அளவாகத் தீனி போடுங்கள். இந்தக் குட்டி எல்.இ.டி. 20 மில்லி ஆம்பியர் வரை தாங்கும் என்பார்கள். தாங்கும் என்பதற்காக அவ்வளவும் கொடுத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் சில மாதங்களிலேயே மங்க ஆரம்பிக்கும். நான் பாதிதான் கொடுத்தேன். கணக்கு எளியது. ஒரு வெள்ளை எல்.இ.டி. சுமார் 3 வோல்ட் எடுக்கும். மூன்றை வரிசையாகக் கோத்தால் 9. அடாப்டர் தருவது 12. மிச்சம் 3 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் தின்ன வேண்டும். 270 ஓம் போட்டால் 11 மில்லி ஆம்பியர் ஓடும். இப்படி நாலு வரிசை, மொத்தம் 12 எல்.இ.டி. ஒவ்வொரு வரிசைக்கும் தனி ரெசிஸ்டர். நாலுக்கும் சேர்த்து ஒன்று போட்டால், ஒரு வரிசை போனதும் அதன் பங்கு மற்ற மூன்றின் தலையில் விழும்.

கடைசியில் அடாப்டர். நான் பார்த்த வரையில் எல்.இ.டி. விளக்குகளில் முதலில் சாவது எல்.இ.டி. அல்ல, அதற்கு மின்சாரம் கொடுக்கும் பகுதிதான். அதனுள் இருக்கும் கெப்பாசிட்டர் சூட்டில் வற்றிப்போகும். எங்கள் பக்கம் வோல்டேஜ் ஏறி இறங்குவது வேறு. என் மகன் ஆசையாக வாங்கி வந்த அலங்கார விளக்கு ஒன்று ஆறு வாரத்தில் அணைந்தது. பிரித்துப் பார்த்தால் எல்.இ.டி. அத்தனையும் உயிரோடு இருந்தன, பெட்டிதான் செத்துக் கிடந்தது. ஆகவே அடாப்டரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பி.ஐ.எஸ். முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். 12 வோல்ட், 1 ஆம்பியர் நமக்கு ஏராளம். அதன் சக்தியில் பத்தில் ஒரு பங்குகூட நாம் கேட்கப் போவதில்லை. வேலை குறைவாக இருந்தால் அதற்கும் ஆயுள் கூடும், நம்மைப் போல.

என் செலவு: எல்.இ.டி.க்கு 30 ரூபாய், ரெசிஸ்டர் 4, ஒயரும் ஈயமும் 40, அடாப்டர் 180. ஆகமொத்தத்தில் முக்கால்வாசி அடாப்டருக்குத்தான் போயிற்று.

கொட்டாங்கச்சிக்குள் வைத்து ஒட்டுவதற்கு முன், மேஜை மேல் இரண்டு நாள் இடைவிடாமல் எரியவிட்டேன். போகிற சரக்கு பெரும்பாலும் ஆரம்பத்திலேயே போய்விடும். ஒன்று மங்கியது, மாற்றினேன். பிறகு அடியில் காற்றுப் போக ஒரு துளை விட்டு மூடினேன்.

அடாப்டர் விழுங்குவதையும் சேர்த்து 1 வாட் என்றே வைத்துக்கொள்வோம். இரவுக்கு 10 மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட்டில் 100 இரவு ஓடும். அந்தக் காலத்து 40 வாட் குண்டு பல்பு அதே யூனிட்டை இரண்டரை இரவில் குடித்துவிடும். 96 ஆடு வளர்த்தவர்கள் கேட்டால் நம்பமாட்டார்கள்.

ஐப்பசி மழையில் கரண்ட் போய்ப் போய் வந்தது. விளக்கு தாக்குப்பிடித்தது. அம்மணி இப்போது பெரிய விளக்கைப் போடாமலே எழுந்து போய் வருகிறார். “தண்ணி சொம்பு தெரியுது, வாசற்படி தெரியுது. அது போதும்ங்க” என்கிறார். பேரன் மட்டும் மயிலுக்குக் கண்ணில்லை என்று குறை சொல்கிறான். ஒரே ஒரு பச்சை எல்.இ.டி.தான் வேண்டும். அதன் வோல்டேஜ் கணக்கை அவனையே போடச் சொல்லியிருக்கிறேன்.