வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியா?

சென்னையில் ரோட்டில் இறங்கி நடப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது வாங்கிய திட்டு இது. பக்கத்திலேயே பிளாட்பாரம் இருக்கும்போது ஏன் இவர்கள் ரோட்டில் நடக்கிறார்கள்? திமிரா? அந்தப் பிளாட்பாரத்தில் ஒரு நூறு அடி நடந்து பார்த்தால் பதில் தெரிந்துவிடும்.

முதல் பத்தடி நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் ஒரு மின்வாரியப் பெட்டி. அதைச் சுற்றி வந்தால் வரிசையாக பைக்குகள். அதையும் தாண்டினால் ஒரு வீட்டு கேட். கார் ஏறி இறங்க வசதியாக அந்த இடத்தில் பிளாட்பாரத்தையே வெட்டிச் சரித்திருப்பார்கள். இறங்கி, மறுபடி ஏற வேண்டும். அடுத்த வீட்டிலும் அதே கதை!

இளவட்டங்கள் தாவிப் போய்விடலாம். மூட்டுவலிக்கார பாட்டி என்ன செய்வார்? கைக்குழந்தையோடு வரும் அம்மா? இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி பிளாட்பாரத்தின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, அதாவது அரை அடி. நடக்க குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும். பல தெருக்களில் உயரம் ஒரு அடிக்கு மேல், அகலம் ஒரு ஆள் ஒதுங்கிப் போகும் அளவு. ஐந்து நிமிட நடையில் பத்து முறை ஏறி இறங்குவதைவிட ரோட்டிலேயே போய்விடலாம் என்று பாட்டி முடிவு செய்வதில் என்ன தப்பு?

அடுத்த ஆபத்து காலுக்குக் கீழே. சென்னையில் பல இடங்களில் பிளாட்பாரம் என்பது மழைநீர் வடிகாலின் மூடிதான். தூர்வாருவதற்காக சிலாப்பைத் தூக்குவார்கள். திரும்ப வைக்கும்போது ஒன்று கோணலாக நிற்கும், ஒன்று உடைந்திருக்கும், ஒன்று காணாமலே போயிருக்கும். புண்ணியவான் யாராவது அந்தக் குழியில் ஒரு மரக்கிளையை நட்டு வைப்பார். அதுதான் எச்சரிக்கைப் பலகை! மழை பெய்து தண்ணீர் தேங்கிவிட்டால் குழி எது, தரை எது என்று யாருக்கும் தெரியாது.

2022-இல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். அடித்த வண்டியின் நம்பரை எழுதிக்கொள்வார்கள். நடந்தவரை ரோட்டுக்கு இறக்கிவிட்ட உடைந்த சிலாப்பை யார் எழுதப் போகிறார்கள்? "கவனமில்லாமல் ரோட்டில் நடந்தார்" என்று செத்தவர் மேலேயே பழி விழும்.

சட்டத்துக்கும் திட்டத்துக்கும் குறைவில்லை. நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை என்று சென்னை மாநகராட்சி 2014-இலேயே கொள்கை வகுத்தது. தடையில்லாத நடைபாதை, அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. செய்ய முடியாத காரியமும் இல்லை. பாண்டி பஜாரில் 2019-இல் திறந்த அகலமான நடைபாதையில் தாத்தா பாட்டிகள் பயமில்லாமல் நடக்கிறார்கள்.

ஆனால் அது ஒரே ஒரு கடைத்தெரு. பாட்டிக்குத் தேவை வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை, ரேஷன் கடை வரை உள்ள பாதை. அதற்குப் பளபளப்பான கிரானைட் வேண்டாம். தூர்வாரிய அன்றே சிலாப்பை மூட வேண்டும். கேட் வந்தால் பிளாட்பாரம் அறுபடாமல் தொடர வேண்டும், கார்தான் ஏறி இறங்க வேண்டும். பைக்கை வேறு இடத்தில் நிறுத்த வேண்டும்.

அதுவரை வீட்டில் சொல்லிவிட்டு வருவதே நல்லது!